முதலில் இறங்குகிறவள்

பலெர்மோ,
19 நவம்பர் 2025.

தலையை முன்னே நீட்டிக்கொண்டு ஐஸில் பாய்கிற என் மகள் லக்ஷனாவுக்கு, தரையில் காலூன்றி நடக்கிற அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று இந்த ஊர்ப் பாதுகாவலி சாந்தா றொசாலியாவிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் மூன்று சொல்லுச் சொல்ல முதல் நீ "ஓகே அம்மா, ச்சாவ்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அத்தோடு நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், நேரம் எடுக்கும். எடுக்கட்டும். பயிற்சி இல்லாத நாளில் இதை வாசி. நாளைக்கு ஐஸில் இறங்க வேண்டும் என்றால் இன்றைக்கு வாசிக்காதே. இதில் உன்னிடம் நான் கேட்கிற முதல் காரியம் இதுதான்.

இங்கே இன்னும் குளிர் தொடங்கவில்லை. நேற்றுப் பல்லாறோ சந்தைக்குப் போய் வந்து சட்டை வேர்வையில் ஊறிவிட்டது. அப்பாவின் முழங்கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. சொன்னாலும் கேட்கமாட்டார், ஞாயிறு விடிய எங்கள் ஆட்களோடு சாந்தா றொசாலியா கோயில் இருக்கிற பெல்லெகிறினோ மலைக்கு நடந்துதான் போகிறார். கால்சாவில் என் சிஞ்ஞோரா வீட்டில் வேலை வழமைபோல. அவவின் மகன் மிலானில் வேலை எடுத்துப் போய்விட்டான். அவன் போன அன்றைக்கு அந்த மனுசி அழுததைப் பார்த்து எனக்குச் சரியான கோபம் வந்தது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நீ இங்கேயே வளர்ந்ததற்குச் சாட்சியாகத் தேடச் சொன்ன தடுப்பூசி மட்டைக்காக அலுமாரி முழுவதையும் கட்டிலில் கொட்டினேன். மட்டையின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் கைக்கு வந்தது உன் நீலக் கொப்பி. "ஸ்கெலட்டன்: உலகப் போட்டிகளின் வரலாறு" என்று இத்தாலியனில் வடிவாக எழுதி, கீழே ஒரு சறுக்குத் தட்டும் கீறியிருந்தாய். பள்ளிக்கூடக் கடைசிச் சோதனைக்கு எழுதியது. நான் அதை இரண்டு கிழமையாக, விளங்காத சொல்லைப் போனில் தேடித் தேடி வாசித்து முடித்தேன். பிரேக் இல்லாத தட்டில் குப்புறப் படுத்து, தாடை ஐஸில் உரசப் பார்க்க, மணிக்கு நூற்றிருபது கிலோமீற்றரில் போகிற விசர் வேலையை யார் கண்டுபிடித்தது என்று எனக்கு நெடுநாள் கேள்வி. பதில் கொப்பியில் இருந்தது. சுவிஸில் சென் மொறிட்ஸ் என்ற ஊருக்குக் குளிர்காலத்தில் வந்து பொழுது போகாமல் இருந்த ஆங்கிலேயர்களாம். வேலைக்காரர் வைத்திருந்தவர்களுக்குத்தான் இப்படி யோசனை வரும்.

சில இடங்களில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. 1928 இல் அந்த ஊரில் நடந்த ஒலிம்பிக்கில் முதல்முதல் வைத்தபோது ஒரே வீட்டு அண்ணனுக்குத் தங்கம், தம்பிக்கு வெள்ளி. அடுத்த வருடம் பெண்கள் அந்த ஊர்ப் பாதையில் இறங்கக் கூடாது என்று தடை. அந்தத் தடையை எடுத்தது 2018 இல் என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தாய். 1928 க்குப் பிறகு இருபது வருடத்துக்கு ஒலிம்பிக்கில் இல்லை. 1948 இல் அதே ஊரில் திரும்ப வைக்க, அந்தத் தம்பி நாற்பதை எட்டுகிற வயதில் வந்து திரும்பவும் வெள்ளி. தங்கம் ஒரு இத்தாலியனுக்கு. அந்த இடத்தில் நீ மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாய். உன்னுடைய நாடு வென்றதுபோல.

அதற்குப் பிறகு ஒரு பக்கத்தை வெறுமையாய் விட்டு, நடுவில் "54 வருடம்" என்று மட்டும் எழுதியிருந்தாய். 1948 க்குப் பிறகு 2002 வரை ஒலிம்பிக்கில் அது இல்லவே இல்லை. எண்பதுகளில் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியிருக்கிறார்கள், அதுவும் அவர்களுக்குள்ளேயே. 2002 இல் அமெரிக்காவில் திரும்ப வந்தபோதுதான் பெண்களுக்கும் இடம் கிடைத்ததாம். அந்த வெறும் பக்கத்தை நான் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த ஐம்பத்து நான்கு வருடத்துக்குள் இருபது வயதாகி, நல்ல வேகமாகவும் போய், ஒரு கொப்பியிலும் பெயர் இல்லாமல் கிழவராகிப் போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அடுத்த பக்கத்தில் 2006. வடக்கே தூரினுக்குப் பக்கத்தில் நடந்த ஒலிம்பிக். இத்தாலிக்காரர் தங்கள் மண்ணில் கட்டிய பாதை, சில வருடத்தில் பூட்டிக் கைவிட்டுவிட்டார்கள். அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்போது எனக்கு இரண்டு வயது. பலெர்மோவில், எங்கள் வீட்டு ரீவியில் இது ஓடியிருக்கும். நான் பார்த்திருப்பேன்."

மகள், நீ பார்க்கவில்லை.

தடுப்பூசி மட்டை கிடைத்தது. அதைத் தேடவே தேவையில்லை, தேடுகிற மாதிரித்தான் அலுமாரியைக் கொட்டினேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். என் வேதாகமத்தின் உறைக்குள் இருக்கிறது. ஆனால் அது உன் வழக்கைப் பேசுகிற அவ்வொகாத்தாவுக்கு உதவாது. அது சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்த மட்டை. பத்தாம் மாதத்துக்குப் பிறகு போட்ட ஊசி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மன்னார் கிளினிக் முத்திரை இருக்கிறது.

நீ பிறந்தது பலெர்மோவில். அது பொய்யில்லை. பத்து மாதக் குழந்தையாய் உன்னை மன்னாருக்குக் கொண்டுபோய் என் தங்கச்சி கிளறாவிடம் கொடுத்தேன். நாலரை வயதில்தான் திரும்ப வந்தாய். ஊர் ஆட்களைப் பதிகிற கொமூனே கந்தோர்காரர் உன் பெயர் அந்த வருடங்களில் பதிவில் இல்லை, தொடர்ந்து இங்கே இருக்கவில்லை, ஆகவே பிறந்த உரிமையில் குடியுரிமை தர முடியாது என்று சொன்னார்களே, அவர்கள் சொன்னது சரி. பிழைவிட்டது அவர்கள் என்று நீ மூன்று வருடமாகச் சண்டை பிடிக்கிறாய். உன் கோச் கடிதம் எழுதினார். அவ்வொகாத்தா கோட்டில் வழக்கு வைத்தா. நான் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டு, "ஓம், கந்தோர்காரர் உப்பிடித்தான்" என்று பக்கத்தில் இருந்தேன்.

ஏன் அனுப்பினேன் என்று கேட்பாய். அப்போது நான் இந்தச் சிஞ்ஞோராவிடம் ஃபிஸ்ஸோ வேலை. அவர்கள் வீட்டிலேயே இரவு பகல் தங்கவேண்டும், பிள்ளையோடு வரக் கூடாது. அப்பா ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினார். இங்கே இருக்கிறதற்கான இரண்டு பேருடைய பெர்மெஸ்ஸோவும் அந்த வேலைகளில்தான் தொங்கிக்கொண்டு இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் குழந்தைகளை ஊருக்கு அனுப்பினார்கள், இதிலே புதினம் ஒன்றுமில்லை. ஒரு வருடம் என்றுதான் நினைத்தோம். பிறகு அங்கே சண்டை தொடங்கி, இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வருடத்துக்கு மேல் போய்விட்டது. சிஞ்ஞோராவின் மகன் உன் வயது. அவன் முதல் அடி வைத்தது என் கையைப் பிடித்து. நீ முதல் அடி வைத்ததை எனக்குக் கிளறா போனில் சொன்னாள். இப்போது அவன் மிலானுக்குப் போனதற்கு அந்த மனுசி அழுகிறா, நான் துடைப்பத்தோடு நின்று பார்க்கிறேன்.

இதிலே இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்களில் அருளையா அண்ணையின் பெடியனும் அதே காலத்தில் நான்கு வருடம் ஊரில்தான் இருந்தான். அவனுக்குப் பதினெட்டு வயதில் ஒரு கரைச்சலும் இல்லாமல் பாஸ்போட் வந்தது. ஏனென்றால் அவர்கள் கொமூனேயில் பெயரை வெட்டவில்லை. யார் வந்து தொட்டில் எங்கே என்று பார்க்கப் போகிறார்கள்? எங்கள் வீட்டில் அப்பா 2005 தபசுகாலத்தில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்தார். இல்லாத பிள்ளையை இருப்பதாகக் கடதாசியில் விட்டுவிட்டுக் கோயிலில் நன்மை வாங்க மனம் வரவில்லை என்று, தானே லீவு எடுத்துப் போய், வரிசையில் நின்று, உன் பெயரை வெட்டிவிட்டு வந்தார். வந்து என்னிடம், "இப்ப எல்லாம் நேராக்கிப் போட்டன்" என்று சொன்னார். கந்தோர்ப் பெட்டை கூட இரண்டு தரம் கேட்டாளாம், வெட்டத்தான் வேண்டுமா என்று.

அவரை ஏசாதே. அவருக்கு இந்தச் சட்டம் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ பதினெட்டு வயதில் விண்ணப்பம் போட்டு மறுத்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அன்றைக்கே உன்னிடம் சொல்லப் போனவர் அவர். தடுத்தவள் நான். சாப்பாட்டு மேசையில் வைத்து, சொன்னால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்றேன். அந்த மனுசன் அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்துச் சரியாகக் கதைத்ததில்லை. நீ அதை, அப்பாவுக்கு என் விளையாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைத்தாய்.

நான் ஏன் தடுத்தேன்? ஊரில் இருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து விமான நிலையத்தில் அப்பா என் முன்னால் இறக்கிவிட்டபோது, நீ என்னைப் பார்த்து "அன்ரி" என்றாய். கிளறாதான் உனக்கு அம்மா. நான்கு மாதம் நீ என்னை அன்ரி என்றுதான் கூப்பிட்டாய். இரவில் அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுவாய், நான் பக்கத்தில் படுத்திருப்பேன். பிறகு ஒரு நாள் சந்தையில் தண்ணீர் கேட்க "அம்மா" என்று கூப்பிட்டாய். அன்றைக்கே முடிவெடுத்தேன், அந்த மூன்று வருடம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை என்று. ஊரில் எடுத்த படங்களை எரித்தேன். முதலாம் பிறந்தநாள் படம் ஏன் இல்லை என்று கேட்டாய், கமரா பழுது என்றேன். ஒரு கழுதை ஞாபகத்தில் வருகிறது என்றாய், விடுமுறைக்குப் போனபோது மன்னார் றோட்டில் கண்டது என்றேன். கிளறா சின்னம்மா போனில் உன்னைக் கண்டால் ஏன் அழுகிறா என்று கேட்டுச் சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். இதுதான் மோசமான பகுதி. 2022 இலேயே அந்த அவ்வொகாத்தா உனக்கு இன்னொரு வழி சொன்னா. பத்து வருடம் இங்கே இருந்தவர்கள் எல்லோரும் கேட்கிற சாதாரண வழி. இரண்டு மூன்று வருடம் எடுக்கும் என்றா. நீ, "நான் பிறந்த ஊரில் வந்தேறியாய் விண்ணப்பம் போடமாட்டேன், உரிமையை எடுத்தே தீருவேன்" என்று வீம்பு பிடித்தாய். அந்தக் கிழமை நான் வாயைத் திறந்திருந்தால், நீ அழுது, என்னை ஏசி, பிறகு அந்த வழியால் போட்டிருப்பாய். இன்றைக்குக் கடதாசி கையில் இருந்திருக்கும். உன்னுடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாட்டின் பெயர் இருந்தால்தான் வெளிப் போட்டிகளிலும் வருகிற ஒலிம்பிக்கிலும் இறங்கலாம் என்றாயே, அது இருந்திருக்கும். கோச் இந்தக் குளிர் முடியும் வரைதான் உனக்கு இடம் வைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் பதினோராம் திகதி வழக்கில் நீ தோற்பாய். என்ன கடதாசி கொண்டுபோனாலும் தோற்பாய். உன் மூன்று வருடத்தை எடுத்தது கந்தோர் இல்லை.

2030 ஒலிம்பிக் இருக்கிறது என்று எழுதப் பார்த்தேன். பேனை போகவில்லை. அந்த வழியால் இப்போது தொடங்கினால் எப்போது முடியும், அப்போது உன்னை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று எனக்கே தெரியும். பொய் ஆறுதல் சொல்லி ஏற்கெனவே போதும்.

மட்டையை இதற்குள் வைத்திருக்கிறேன். ஓரம் கிழிந்திருக்கிறது, கவனம். ஏசுவதானால் போன் எடுத்து ஏசு. அப்பா குசினியில் இருந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
எமிலியானா.


பலெர்மோ,
2 பெப்ரவரி 2026.

அன்புள்ள லக்ஷனாவுக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

பத்துக் கிழமையாக நீ என்னோடு கதைக்கவில்லை. நத்தாருக்கு உன் தட்டையும் மேசையில் வைத்தேன். அப்பா எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வழக்கை நீயே திருப்பி எடுத்துவிட்டதாக அவ்வொகாத்தா போன் பண்ணிச் சொன்னா. மட்டையைக் கொண்டுவந்து காட்டி, அந்தப் பிள்ளை ஒன்றுமே சொல்லாமல் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள் என்றா. நீ கத்தியிருப்பாய், கதிரையை உதைத்திருப்பாய் என்று நான் நினைத்தேன். நான் அறிந்த லக்ஷனா அப்படித்தான் செய்வாள். ஒன்றும் சொல்லாமல் போன பிள்ளையை எனக்குத் தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது.

நீ அப்பாவுக்கு அனுப்புகிற செய்தியை அவர் எனக்கு வாசித்துக் காட்டுகிறார். கோபிக்காதே, நான்தான் கேட்டேன். வழக்கு இல்லை என்றதும் உன் இடம் வேறு பெட்டைக்குப் போய்விட்டது என்று வாசித்தார். அடுத்ததை இரண்டு தரம் வாசித்தார். கொர்த்தினாவில் நடக்கிற ஒலிம்பிக்கில் பெண்களுடைய போட்டி நாளில், போட்டிக்காரர் இறங்க முதல், பாதை சரியா, மணிக்கூடு சரியா என்று பார்க்க ஒருவரை இறக்குவார்களாமே, கோச் அந்த வேலையை உனக்கு வாங்கித் தந்திருக்கிறாராம். "நான்தான் முதலில் இறங்குவேன் அப்பா. ஆனால் நேரம் பதியமாட்டார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். ரீவியிலும் காட்டமாட்டார்கள். பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய்.

நான் மற்றவர்களுடைய வீடுகளில் முப்பது வருடமாகச் செய்கிற வேலையும் அதுதான். விருந்துக்கு ஆட்கள் வர முதல் நிலத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, பின்கதவால் போகிறது. நீ அதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் உன்னை ஊரில் விட்டுவிட்டு இங்கே நின்று உழைத்தேன். இப்போது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறேன் பார்.

அப்பா மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் என்கிறார். முழங்கால் இல்லை. சுவாமியிடம் போய், உண்மை சொன்னதைப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இரண்டு சொல்லுக் கூட எழுது. உண்மை சொன்ன மனுசன், அவரைத் தண்டிக்காதே. என்னை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்துத் தண்டி.

கிளறாவுக்கு நீ போன் எடுத்தாயாம். இரண்டு மணித்தியாலம் கதைத்தாயாம். அவள் எனக்குச் சொன்னாள், ஒளிக்கவில்லை. நீ அவளை எப்படிக் கூப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் கழுதையை அவள் உனக்குச் சொன்னாளாம். வீட்டுப் படலைக்கு ஒவ்வொரு நாளும் வரும், நீ சோறு வைப்பாயாம். எனக்கு அது தெரியாது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாததை எல்லாம் இனி நீங்கள் இருவரும் கதைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

அன்றைக்கு நான் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டிருக்கிறேன். ரீவிக்கு முன்னால் இருப்பேன். பார்க்க வேண்டாம் என்று நீ சொன்னாலும் இருப்பேன். முதலாவது போட்டிக்காரியைக் காட்டும்போது அந்த ஐஸில் ஒரு கோடு ஏற்கெனவே இருக்கும். அது யாருடையது என்று இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அதனால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

தாடையைக் கவனமாக வை. வளைவுகளில் அவசரப்படாதே, உன் நேரத்தை ஒருவரும் எடுக்கப் போவதில்லை, ஆறுதலாகவே வா. மாதாவும் சாந்தா றொசாலியாவும் உன்னைக் கீழே வரை கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வந்து சேர்ந்ததும் ஒருதரம் போன் எடு, மகள். என்னை அம்மா என்று கூப்பிட வரவில்லை என்றால் விடு. முந்திக் கூப்பிட்ட மாதிரி அன்ரி என்றாவது கூப்பிடு. அப்போதும் நான் "ஓம் பிள்ளை, இஞ்சை நிக்கிறன்" என்றுதான் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன்.

இப்படிக்கு,
எமிலியானா.